ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை

அன்புள்ள டீச்சருக்கு,

சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் கூடும் சிறிய தமிழ்ச் சபையில் ஊழியம் செய்கிறேன். கீழே டயர் கடை, மேலே நாங்கள். வந்து நான்கு வருடமாகிறது. நான் வந்தபோது ஞாயிறு ஆராதனைக்கு முப்பது பேர் வருவார்கள், இன்றும் முப்பது பேர்தான். பிள்ளைகளுக்கு இலவச டியூஷன் நடத்துகிறோம். எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) முடிந்ததும் அவர்கள் பினாங்கு, ஷா ஆலம், சிங்கப்பூர் என்று போய்விடுகிறார்கள். (இதற்கு நடுவில், பக்கத்து டாமானில் (குடியிருப்பில்) தனியாக இருக்கும் ஒரு தாத்தாவை வாரம் மூன்று நாள் ஈப்போவுக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப் போய் வருகிறேன். அவர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர், சபைக்கு வரமாட்டார். பாதி வாரம் அதிலேயே போய்விடுகிறது.)

எங்கள் பாஸ்டர் மாதக் கடைசியில் ஒரு படிவம் தருகிறார். 'இந்த மாதம் தேவனுடைய ராஜ்யத்தை எங்கே கண்டீர்கள்?' என்று அதில் ஒரு கேள்வி. எழுத என்னிடம் ஒன்றுமில்லை. இப்படிப்பட்ட ஊரில், அன்றாட ஊழியத்தில், ராஜ்யத்தைக் கண்டுகொள்வது எப்படி? வாசிக்க ஏதாவது புத்தகம் சொல்லுங்கள். இளைஞர்களுக்காக ஆராதனையை ஆங்கிலத்துக்கு மாற்றலாமா என்றும் யோசிக்கிறோம்.

ஜே., சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

புத்தகம் இப்போது வேண்டாம். ஆங்கில ஆராதனையைப் பற்றி உங்கள் சபையிலுள்ள பாட்டிமார்களைக் கேளுங்கள். முப்பது பேர் முப்பதாகவே இருப்பதும் எனக்குக் கவலையாகப் படவில்லை. ரப்பர்த் தோட்டங்கள் காலியாகி, படித்த பிள்ளைகள் வெளியேறும் ஊரில் அந்த எண்ணிக்கை குறையாமல் நிற்பதே பெரிது.

எனக்குக் கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. அந்தத் தாத்தாவை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். ஊழியத்துக்கு நடுவே வந்த இடைஞ்சல் மாதிரி, நேரம் வீணாவதற்கு ஒரு காரணம் மாதிரி. அந்த அடைப்புக்குறியைப் பார்த்துவிட்டுக் கடிதத்தை மூடி வைத்தேன். மறுநாள்தான் மறுபடி எடுத்தேன்.

சில காலமாகவே மத்தேயு 20ஆம் அதிகாரம் என் மனதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. திராட்சத்தோட்டத்து எஜமான் உவமை. 'பரலோகராஜ்யம் இதற்கு ஒப்பாயிருக்கிறது' என்றுதான் இயேசு அதைத் தொடங்குகிறார். அதிகாலையில் ஆள் பிடிக்கப் போகிறான் எஜமான். நாளுக்கு ஒரு பணம் கூலி. மறுபடி, பொழுது விடிந்து மூன்றாம் மணிக்குப் போகிறான், ஆறாம் மணிக்கு, ஒன்பதாம் மணிக்கு. பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போதும் போகிறான். கடைசியில் எல்லோருக்கும் அதே ஒரு பணம். காலையில் வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள்.

நான் கேட்ட பிரசங்கங்களில் முக்கால்வாசி இதைச் சாகும் தறுவாயில் மனந்திரும்புகிறவர்களைப் பற்றியதாகவே சொல்லிவிட்டுப் போய்விடும். அது தப்பென்று சொல்லவில்லை. ஆனால் தோட்டத்தில் பிறந்தவர்களிடம் இந்த உவமையைச் சொல்லும்போது கூலியை விட்டுவிட்டு எப்படிச் சொல்ல முடியும்?

என் அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். விடிவதற்கு முன்னே பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் நிற்க வேண்டும். மரப்பட்டை மழையில் நனைந்திருந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் சம்பளம் இல்லை. மழைக்காலத்தில் அம்மா வாசலில் நின்று, கையை வெளியே நீட்டி, உள்ளங்கையில் விழும் தூறலைப் பார்ப்பார். ஒன்றும் பேசமாட்டார். அன்றைக்கு அரிசி எவ்வளவு போட வேண்டும் என்று அந்த உள்ளங்கையைப் பார்த்து முடிவு செய்வார். எங்கள் தோட்டத்துச் சிற்றாலயத்தில் ஈப்போவிலிருந்து வந்த ஐயர் (போதகர்) ஒருமுறை இந்த உவமையை வாசித்தார். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், வெட்டு வேலையிலேயே கிழவியாகிப்போன ஒரு பாட்டி அவரை நிறுத்திக் கேட்டார்: "ஐயரே, அந்தத் தொரை தானே நடந்து போயா ஆளைக் கூப்பிட்டாரு?" ஐயர் ஆமாம் என்றார். பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

பாட்டி கேட்டதைத்தான் நானும் கேட்கிறேன். கூலி கொடுக்க அந்த எஜமானிடம் ஒரு காரியக்காரன் இருக்கிறான், ஆள் கூப்பிட மட்டும் எஜமானே போகிறான். எங்கள் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கங்காணி வருவார், மண்டோர் வருவார், கணக்கெழுதும் கிராணி பேரேட்டில் எழுதுவார். வேலை இல்லாமல் லயத்தில் குந்தியிருப்பவனைத் தேடித் தொரை வந்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.

அப்புறம் அந்தக் கடைசி நேரத்து ஆட்கள். பகல் முழுவதும் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று எஜமான் கேட்கிறான். அவர்கள் பதில் ஒரே வரி: "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை." சோம்பேறிகள் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. கூப்பிட ஆளில்லை, அவ்வளவுதான். அவனுக்கு எதற்கு முழு நாள் கூலி என்று கேட்கிறவர்கள், அவன் வீட்டுப் பிள்ளைகளுக்கு எத்தனை மணி நேரத்துப் பசி என்று கேட்பதில்லை. ஒரு மணி நேரம் உழைத்தவன் வீட்டிலும் ராத்திரிக்கு உலை வைக்க வேண்டும். ஒரு பணம் என்பது ஒரு குடும்பம் அன்றைக்குச் சாப்பிடும் கூலி. அதைப் பன்னிரண்டாக அரிந்து ஒரு பங்கைக் கொடுத்தால் நியாயக் கணக்கு சரியாக இருக்கும், பிள்ளை பட்டினி கிடக்கும். அந்தக் கணக்கை எஜமான் ஒத்துக்கொள்ளவில்லை. ராஜ்யம் எப்படி இருக்கும் என்று காட்ட இயேசு இந்த மனிதனைத்தான் எடுத்தார், தம்பி.

நம் ஊர்களில் எத்தனை பேர் அப்படி நின்றார்கள்! 1950களின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்று வந்தது. இங்கேயே காலமெல்லாம் உழைத்தவர்கள், கையில் சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டை) இருந்ததால், பெரட்டுக் களத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அதற்கப்புறம் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதற்கு அவ்வளவு கைகள் தேவைப்படவில்லை. அப்படித் தோட்டத்தை விட்டு வந்தவர்களில் பலர் இன்று டாமான்களிலும் மலிவு வீடுகளிலும் இருக்கிறார்கள். உங்கள் தாத்தாவும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

ராஜ்யத்தின் சாயல் சபைக்குள் மட்டும் விழும் என்று நினைக்கிறவர்களிடம் நான் சண்டை போடுவேன். மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் உங்கள் ஊர்க்காரர், கிறிஸ்தவர் அல்லர். தோட்டத் துண்டாடலைப் பார்த்துவிட்டு 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பாட்டாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, அந்தப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். முதலில் வாங்கியது கெடாவிலுள்ள புக்கிட் சீடிம். வெட்டுக்காரன் தான் வெட்டும் தோட்டத்துக்கே பங்குதாரன் ஆனான். அந்த நாட்களில் நம் சபைகள் பல, மோட்சத்தைப் பற்றி மட்டும் பாடிக்கொண்டிருந்தன. இதைச் சொல்ல எனக்கு வலிக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும்.

சரி, தாத்தாவுக்கு வருகிறேன். என் அண்ணனும் டயாலிசிஸில் இருந்தவர். ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த இடம் முன்கையில் புடைத்திருக்கும். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதன்மேல் விரல் வைத்துப் பார்ப்பார். உள்ளே ரத்தம் ஓடுவது தீப்பெட்டிக்குள் போட்ட பொன்வண்டு மாதிரி அதிரும். அதிர்வு இருந்தால் அன்றைக்குக் கவலையில்லை. வெளியூரிலிருந்து நான் போகும்போது என் விரலையும் பிடித்து அதன்மேல் வைப்பார். நாற்காலியில் நான்கு மணி நேரம். முடிந்ததும் ஊசி எடுத்த இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்தால் தலை சுற்றும். மோட்டாரில் தனியாக வீட்டுக்குப் போக முடியாது. அந்த நேரத்தில் வெளியே ஒரு கார் நிற்குமா நிற்காதா என்பதுதான் ஒரு கிழவருக்கு உலகம். உங்கள் கார் நிற்கிறது.

மத்தேயு 25இல் வலதுபக்கம் நிற்கிறவர்களுக்கும் தாங்கள் எதையும் கண்டதாகத் தெரியவில்லை. எப்பொழுது உம்மைக் கண்டோம் என்று அவர்களும் உங்களைப் போலத்தான் கேட்கிறார்கள்.

படிவத்தில் தாத்தாவை முதல் வரியில் எழுதுங்கள். சபைக்கு வருவதில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். அவரை இழுத்துவர ஜெபக்குழு எதுவும் போட வேண்டாம். அடுத்த முறை போகும்போது எந்தத் தோட்டம், என்ன வேலை, எப்போது வெளியே வந்தார் என்று கேளுங்கள். ஈப்போ போக முக்கால் மணி நேரம் இருக்கிறது, ரேடியோவை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அவருக்கு ஐசி பிரச்சினை ஏதாவது இருந்தால் உடனே எனக்கு எழுதுங்கள். பதிவிலாகாவுக்கு என்னென்ன காகிதம் எடுத்துப் போக வேண்டும் என்று விசாரித்துச் சொல்கிறேன்.

வெயிலாக இருக்கிறதே என்று வழியில் இளநீர் வாங்கித் தந்துவிடாதீர்கள். அவருக்கு ஆகாது. வாழைப்பழமும் வேண்டாம், நட்சத்திரப் பழம் கிட்டேயே போகக்கூடாது. என்ன தரலாம், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று அங்குள்ள நர்ஸிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதிக் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
டீச்சர்