ஹோம் ஃபோல்டர் மட்டும் ஏன் காலி?

கேள்வி: அண்ணே, ஆத்தங்குடியில டைல்ஸ் பட்டறை வச்சிருக்கோம். லினக்ஸ்ல தினமும் ராத்திரி ஆர்சிங்க் (rsync, ஃபைல காப்பி எடுக்குற கமாண்ட்) பேக்கப் ஓடுது, எர்ரரே இல்ல, ஆனா டிசைன் போட்டோ எல்லாம் இருக்குற ஹோம் ஃபோல்டர் (/home) மட்டும் பேக்கப்ல காலியா கெடக்கு.
- காரைக்குடி வாசகர்

பதில்: தம்பி, கமாண்ட்ல மைனஸ் எக்ஸ் (-x) இருக்கும் பாருங்க, ஆரம்பிச்ச ஃபைல் சிஸ்டத்த விட்டு தாண்டாதன்னு அர்த்தம். ஹோம் தனி பார்ட்டிஷன்னா (டிஸ்க்குல பிரிச்ச தனிப் பகுதி, அதுக்கு தனி ஃபைல் சிஸ்டம்), முகப்போட திரும்பிப்போற விருந்தாளி கணக்கா, வெறும் ஃபோல்டர மட்டும் போட்டுட்டு வளவுக்குள்ள (வீட்டு உள்முற்றம்) போகாம வந்துரும். டிஎஃப் (df) கமாண்ட் அடிச்சா ஹோம் தனி வரியில நிக்கும், அதான் அடையாளம். அதுக்காக எக்ஸ எடுத்துறாதீங்க, ப்ராக் (/proc), சிஸ் (/sys)னு சிஸ்டம் தானா உண்டாக்குற ஃபோல்டருங்க, மாட்டியிருக்குற பேக்கப் டிஸ்க்குன்னு எல்லாத்தையும் அள்ளப் பாக்கும். ஹோமுக்கு தனியா இன்னொரு கமாண்ட் போட்டு, ஓடி முடிஞ்சதும் ஒரு போட்டோவ பேக்கப்லேருந்து எடுத்து தொறந்து பாத்துருங்க.