லாக் தொலைந்துவிட்டது, மென்பொருள் எங்களுடையதுதானே?

கேள்வி: பாலக்கோட்டில் அப்பா தொடங்கிய அச்சகத்தை, அவர் காலமான பிறகு நான் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக் அடிப்பதுதான் தொழில். தமிழ் டைப் செய்வதற்காக அப்பா காசு கொடுத்து வாங்கிய டிடிபி (பக்கம் வடிவமைக்கும்) மென்பொருள் ஒன்று, பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. பின்பக்கம் பிரிண்டர் போர்ட்டில் பிளக் மாதிரி ஒரு ‘லாக்’ செருகியிருந்தால்தான் அது திறக்கும். கடை மாற்றியபோது அந்த லாக் தொலைந்துவிட்டது. விற்ற கம்பெனியைக் கேட்டால், அந்த வெர்ஷனே இப்போது இல்லை, முழு விலை கொடுத்துப் புதிது வாங்குங்கள் என்கிறார்கள். பெங்களூரில் ஒருவர், லாக் இல்லாமலே ஓட வைத்துத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கிறார். அமெரிக்காவில் இதற்குச் சட்டவிலக்கு உண்டு என்று படித்தேன். நம் ஊரில் இது குற்றமா? கம்பெனி மீது நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?
– அச்சக உரிமையாளர், தருமபுரி மாவட்டம்

பதில்: சட்டம் பேசுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பிரிண்டர் போர்ட் லாக்கின் ஒரு பக்கம் கம்ப்யூட்டரில் செருகியிருக்கும். மறுபக்கம் பிரிண்டர் கேபிளை மாட்ட இடம் இருக்கும். கடையைக் காலி செய்தவர் கேபிளைப் பிடித்து இழுத்திருந்தால், லாக்கும் அதோடு சேர்ந்தே வந்திருக்கும். பழைய பிரிண்டரின் கேபிள் முனையைத் திருப்பிப் பாருங்கள். பிரிண்டரையே எடைக்குப் போட்டிருந்தால், அந்தப் பழைய இரும்புக் கடைக்கு இன்றே ஒரு நடை போய் வாருங்கள்.

கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். பதிப்புரிமைச் சட்டம், 1957-இல் மூன்று பிரிவுகள் உங்களுக்கு முக்கியம்.

முதலில் 65-ஏ. 2012 திருத்தத்தில் சேர்ந்த பிரிவு இது. பதிப்புரிமையைக் காக்க வைத்திருக்கும் தொழில்நுட்பப் பூட்டைத் தாண்டுகிறவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். ஆனால், அந்த உரிமைகளை மீறும் நோக்கத்துடன் தாண்டினால்தான் குற்றம் என்று பிரிவிலேயே இருக்கிறது. பூட்டைத் தாண்டியதை மட்டும் காட்டி உங்களைத் தண்டிக்க முடியாது. எதற்காகத் தாண்டினீர்கள் என்பதையும் நிரூபிக்க வேண்டும். அதே பிரிவின் இரண்டாம் பகுதி, இந்தச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத ஒரு காரியத்துக்காகப் பூட்டைத் தாண்டுவதை அனுமதிக்கிறது.

அமெரிக்க விலக்கு பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2003-இல் அங்கே அப்படி ஒரு விலக்கு தந்தது உண்மை. 2006-லும் 2010-லும் புதுப்பித்தார்கள். அது பழுதான, சேதமான லாக்குக்கு மட்டும், அதுவும் மாற்று கிடைக்காத பழைய லாக்காக இருந்தால்தான். தொலைந்த லாக் அதில் வரவில்லை. அங்கே நோக்கம் எதுவானாலும் பூட்டைத் தாண்டுவதே தடை என்பதால் தனி விலக்கு தேவைப்பட்டது. நம் சட்டம் நோக்கத்தைப் பார்க்கிறது. அந்தச் செய்தியை மறந்துவிடுங்கள்.

அடுத்தது 52(1)(ஏஏ). என்னைக் கேட்டால் உங்கள் வழக்கே இதில்தான் இருக்கிறது. ஒரு மென்பொருளைச் சட்டப்படி கையில் வைத்திருப்பவர், எந்த வேலைக்காக அதைக் கொடுத்தார்களோ அந்த வேலைக்குப் பயன்படுத்துவதற்காக, அதிலிருந்து நகல் எடுக்கலாம், அதை மாற்றியமைக்கவும் செய்யலாம். அது பதிப்புரிமை மீறல் ஆகாது. தொலைந்தாலோ கெட்டாலோ உதவட்டும் என்று பேக்கப் எடுத்து வைப்பதற்கும் இதே பிரிவில் இடம் உண்டு. உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் மென்பொருளை, லாக் கேட்காதபடி மாற்றி, அதே தமிழ் டைப்பிங் வேலைக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டால், இந்தப் பிரிவு உங்களைக் காக்கும் என்பது என் கருத்து. மீறலே இல்லாதபோது, மீறும் நோக்கமும் இருக்க முடியாது.

ஆனால் ‘அதிலிருந்து’ என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்களிடம் இருக்கும் பிரதியிலிருந்துதான் எடுக்க வேண்டும். பெங்களூர்க்காரர் விஷயம் இங்கேதான் இடிக்கிறது. லாக்கைப் போலவே நடிக்கும் எமுலேட்டர் செய்ய, அசல் லாக்குக்குள் இருப்பதைப் படித்தாக வேண்டும். உங்கள் லாக்தான் இல்லையே, அவர் எதைப் படிப்பார்? ஒன்று, வேறொருவர் லாக்கிலிருந்து எடுத்த தகவலைக் கொண்டு வருவார். இல்லையென்றால் யாரோ ஏற்கெனவே உடைத்து வைத்த பிரதியைப் பென்டிரைவில் கொண்டு வந்து போடுவார். இரண்டுமே உங்கள் பிரதி அல்ல. அப்போது மூன்றாவது பிரிவான 63-பி பாயும்: திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தாதவருக்குச் சிறையை விலக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு; அச்சகம் நடத்தும் நீங்கள் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது. தவிர, அந்தப் பென்டிரைவில் மென்பொருளோடு வேறு என்னென்ன வரும் என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

மூன்றாவது வழி, உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் பிரதியையே உங்கள் கண் முன்னால் அவர் மாற்றித் தருவது. அது வேறு கதை. அதற்கும் 65-ஏ ஒரு நிபந்தனை வைக்கிறது: இப்படி உதவி செய்கிறவர், யாருக்கு உதவினாரோ அவருடைய பெயர், முகவரி, அடையாள விவரங்கள், எதற்காகச் செய்து கொடுத்தார் என்பது எல்லாவற்றையும் முழுப் பதிவாக வைத்திருக்க வேண்டும். அவரிடம் இதைக் கேளுங்கள்: “என் பெயர், அட்ரஸ், எந்த மென்பொருள், என்ன காரணம் எல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டுப் பில் தருவீர்களா?” தயங்கினால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

சரி, நீங்கள் சட்டப்படி வைத்திருப்பவர் என்பதை எப்படிக் காட்டுவது? கம்பெனியின் வாதம் எனக்கு இப்போதே தெரியும். லாக் வெறும் சாவி அல்ல, லைசென்ஸே அதுதான். பஸ் டிக்கெட்டைத் தொலைத்தவர் மறுபடி டிக்கெட் எடுக்கத்தானே வேண்டும் என்பார்கள். இதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. உடைந்த லாக்கைத் திருப்பிக் கொடுத்தால், அது இன்னொருவர் கையில் ஓடவில்லை என்று கம்பெனிக்கு உறுதியாகிறது. தொலைந்த லாக்கை வேறு யாராவது செருகிக்கொண்டிருக்கலாம். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வேண்டியவர் நீங்கள்தான்.

அப்பா வாங்கிய அசல் பில், சிடி, அட்டைப்பெட்டி, அதன் மேல் இருக்கும் சீரியல் எண் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். பில் அப்பா பெயரிலோ அச்சகத்தின் பெயரிலோ இருக்கும். தாலுகா ஆபீசில் வாங்கிய வாரிசுச் சான்றிதழையும் அதோடு வையுங்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால், அச்சகம் உங்கள் பொறுப்பில் இருப்பதாக அவர்களிடம் எழுதி வாங்குங்கள். அப்புறம் போலீஸ் ஸ்டேஷனில், லாக் தொலைந்ததாகச் சீரியல் எண்ணோடு புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது பெறுங்கள். ‘பிளக் மாதிரி ஒண்ணு காணோமா?’ என்று ரைட்டர் சிரிக்கக்கூடும். பரவாயில்லை, தேதி போட்ட ரசீதுதான் நமக்கு வேண்டும். லாக் பிறகு கிடைத்தால் கம்பெனிக்குத் தெரிவிப்பேன், இரண்டு இடத்தில் ஓட்ட மாட்டேன் என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரமும் போடுங்கள்.

இவற்றின் நகல்களோடு கம்பெனிக்கு ஒரு கடிதம், ஒப்புகையோடு தபாலில் போகட்டும். போனில் பேசியது எதற்கும் உதவாது. நியாயமான கட்டணத்துக்கு மாற்று லாக் தாருங்கள். முடியாவிட்டால் லாக் இல்லாமல் ஓட வழி செய்யுங்கள். அதுவும் முடியாவிட்டால் என் பிரதியை நானே மாற்றிக்கொள்ள எழுத்தில் அனுமதி தாருங்கள் என்று கேளுங்கள். ‘அந்த வெர்ஷனை நிறுத்திவிட்டோம், மாற்று லாக் கிடையாது’ என்று பதில் வந்தால் வருத்தப்படாதீர்கள். உங்கள் நோக்கம் நேர்மையானது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பதிலே வராவிட்டால் ஒப்புகை அட்டை அந்த வேலையைச் செய்யும். பெட்டியில் இருக்கும் லைசென்ஸ் தாளையும் படியுங்கள். மென்பொருளை மாற்றக் கூடாது என்று அதில் நிபந்தனை இருந்தால், ஒப்பந்தத்தை மீறினீர்கள் என்று கம்பெனி சிவில் வழக்கு போட முயலலாம். ஆனால் அது சிறைக்குப் போகும் விஷயம் அல்ல.

மாற்றிய பிரதியை இரண்டாவது கம்ப்யூட்டரில் ஏற்றாதீர்கள், பக்கத்துக் கடைக்காரர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அந்த நிமிடமே நோக்கம் பற்றிய உங்கள் வாதம் போய்விடும். போலீஸ் வந்து கம்ப்யூட்டரை எடுத்துப் போனால், 64-ஆம் பிரிவுப்படி 15 நாளுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் திரும்பக் கேட்டு மனு போடலாம். மேலே சொன்ன காகிதங்களின் ஒரு செட் கடையிலும் ஒரு செட் வீட்டிலும் இருக்கட்டும்.

பழைய ஃபைல்கள் விஷயத்தில் பயமே வேண்டாம். அவற்றில் இருக்கும் வாசகங்கள் மீது மென்பொருள் கம்பெனிக்கு எந்த உரிமையும் இல்லை. பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த ஃபைல்கள் என்றால், ஃபாண்ட் கம்ப்யூட்டரில் இருக்கும் வரை லாக் இல்லாமலே திறந்து பார்க்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். எழுத்துகளை, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்ற இலவசக் கன்வர்ட்டர்கள் உண்டு. தமிழக அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. எதையும் தொடுவதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே முழு நகல் எடுத்துவிடுங்கள். எக்ஸ்பி காலத்து டிஸ்க் எந்த நாள் படுக்கும் என்று சொல்ல முடியாது.

கடைசியாக, நுகர்வோர் ஆணையம். தொழிலுக்கு வாங்கிய பொருள் என்று கம்பெனி ஆட்சேபிக்கும். சுயதொழிலில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கியதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கமாகக் கருதுவதில்லை. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் தருமபுரி மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். ஆனால் லாக்கைத் தொலைத்தது நீங்கள். தொலைந்தால் மாற்று தருவோம் என்று லைசென்ஸ் தாளிலோ விளம்பரத்திலோ அவர்கள் எழுதியிருந்தால் ஒழிய, சேவைக் குறைபாடு என்று நிரூபிப்பது கஷ்டம். அப்படி ஒரு வரி இருந்தால் அந்தத் தாளோடு வாருங்கள், புகார் எழுதலாம். இல்லையென்றால் அந்தச் செலவை ஹார்ட் டிஸ்க் நகலுக்கும் கன்வர்ட் செய்யும் வேலைக்கும் போடுங்கள்.