வெள்ளைப் பூச்சு உதிர்வது ஏன்?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

காருகுறிச்சியில் அப்பாவின் சூளையிலேயே நானும் சட்டி பானை சுடுகிறேன். சீனாக்களிமண்ணில் நூற்றுக்கு 30 பங்கு ஃபெல்ட்ஸ்பார் (சூட்டில் இளகிப் பூச்சைப் பிடிக்க வைக்கும் கல்பொடி) கலந்து வெள்ளைப் பூச்சு கொடுத்தேன். சுட்டெடுத்தால் கையில் மாவாக ஒட்டுகிறது. அடுத்த சூளைக்கு வெங்காரம் (போராக்ஸ்) சேர்த்தேன். விளிம்பு மட்டும் பளபளக்கிறது, வயிற்றுப் பகுதி பழையபடி உதிர்கிறது. ஃபெல்ட்ஸ்பாரை இன்னும் கூட்டலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

கூட்ட வேண்டாம். ஃபெல்ட்ஸ்பார் ஏறத்தாழ 1150 டிகிரிக்கு மேல்தான் நன்றாக இளகும். விறகும் வைக்கோலும் இட்டு எரிக்கும் நம் சூளையோ 900 டிகிரியைத் தாண்டுவதே அரிது. அந்தச் சூட்டில் அது மணலைப் போலச் சும்மா கிடக்கும். சீனாக்களிமண்ணும் அங்கே இறுகாது என்பதால், உங்கள் பூச்சில் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் பொருளே இல்லை.

வெங்காரம் குறைந்த சூட்டிலேயே உருகும் என்பது உண்மைதான். ஆனால் அது நீரில் கரையும். பூச்சு காயும்போது ஈரம் எந்த இடத்தில் விரைந்து வெளியேறுகிறதோ அங்கே வெங்காரமும் நீரோடு போய்ச் சேரும். உங்கள் பானையில் அந்த இடம் விளிம்பு. நானும் ஒரு சூளை நிறையப் பானைகளை இப்படி இழந்த பிறகுதான் இதை உணர்ந்தேன்.

ஆகவே போரான் ஃபிரிட் வாங்குங்கள். வெங்காரம் போன்றவற்றைச் சிலிக்காவோடு உருக்கிக் கண்ணாடியாக்கிப் பொடித்த பொருள் அது; அநேகமாக நீரில் கரையாது. 900 டிகிரிக்குள் உருகும் வகை வேண்டும் என்று கேட்டு வாங்குவது முக்கியம். பாதி காய்ந்த நான்கு அகல்களில் 10, 15, 20, 25 விழுக்காடு ஃபிரிட் சேர்த்த பூச்சுகளைத் தனித்தனியே தடவி, அடியில் வாரியல் குச்சியால் அந்தந்த அளவைக் கீறி, சூளையின் நடுவில் வைத்துச் சுடுங்கள். ஆறிய பின் ஈர விரலால் அழுத்தித் தேய்த்தால், எந்த அகலிலிருந்து விரல் வெள்ளையாகவில்லையோ அவற்றுள் குறைந்த அளவே உங்களுக்கு உரியது. அதற்கு மேல் போனால் அடுக்கிய பானைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ஈயச் செந்தூரம் எளிதில் உருகும் என்று யாரேனும் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். புளிக்குழம்பு கொதிக்கும் சட்டியிலிருந்து ஈயம் உணவில் இறங்கும். அதை உண்பவர்கள் குழந்தைகளும்தான்.

சிவப்புப் பூச்சுக்கு இவை எதுவும் தேவையில்லை. செம்மண்ணை நிறைய நீரில் கரைத்து ஒரு நாள் தெளியவிட்டு, மேலே மிதந்து நிற்கும் மெல்லிய குழம்பை மட்டும் வடித்தெடுங்கள். அந்த நுண்துகள்கள் நம் சூட்டிலேயே இறுகிவிடும். காயும் தறுவாயில் கூழாங்கல்லால் தேய்த்தால் வழவழப்பும் வரும். ஆதிச்சநல்லூர்க் கருப்பு சிவப்புக் கலங்களின் மினுக்கம்கூடத் தேய்ப்பினால் வந்ததே.

நான்கு அகல்களில் எது நின்றது என்று எழுதுங்கள்.