டெலிவரிக்கு ஆஸ்பத்திரி பாக்கணுமா? ராத்திரி 8 மணிக்கு போய் பாருங்க

கேள்வி: எனக்கு 27 வாரம் முடிஞ்சிருக்கு, தலைப்பிரசவம். இருக்கிறது தாம்பரத்துல, அம்மா வீடு கோவில்பட்டி, வளைகாப்பு முடிஞ்சதும் அங்க போயிடுவேன். அம்மா வீட்டுல இருந்து 10 நிமிஷத்துல ஒரு சின்ன நர்சிங் ஹோம் இருக்கு, என்னையே பிரசவம் பாத்த டாக்டரம்மா, ரொம்ப அன்பா பேசுவாங்க. இன்னொண்ணு திருநெல்வேலில பெரிய ஆஸ்பத்திரி, சூட் ரூம், போட்டோ ஷூட் எல்லாம் பேக்கேஜ்ல வருது. எனக்கு ஏ நெகட்டிவ், வீட்டுக்காரருக்கு பி பாசிட்டிவ். எங்க அக்காவுக்கு போன வருஷம் வேற ஊர்ல டெலிவரி நல்லா தான் நடந்துச்சு, ஆனா அதுக்கப்புறம் 3 நாள் யாரும் சரியா எட்டிக்கூட பாக்கல, பால் வரலன்னு பவுடர் டப்பா எழுதிக்குடுத்து அனுப்பிட்டாங்க. எனக்கு அப்படி ஆகக்கூடாது. எத வச்சு முடிவு பண்றது மேடம்?

பதில்:

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன்ம்மா, நான் டாக்டர் இல்ல, 28 வருஷம் பிரசவ வார்டுல ஸ்டாஃப் நர்ஸா இருந்துட்டு இப்ப தாய்ப்பால் ஆலோசனை குடுத்துட்டு இருக்கேன். அதனால என் பார்வை கொஞ்சம் வார்டு பக்கமா தான் இருக்கும். ஆனா நீங்க கேட்டதும் வார்டு பத்தி தானே. எல்லாரும் எந்த டாக்டர், நார்மலா சிசேரியனா, எவ்வளவு ஆகும்னு கேப்பாங்க, பெத்ததுக்கப்புறம் யார் பாப்பான்னு கேக்குறவங்க ரொம்ப கம்மி. அக்கா பட்ட பாட்டை பாத்து நீங்க கேக்குறீங்க.

டாக்டரம்மா எவ்வளவு நல்லவங்களா இருந்தாலும் டெலிவரி முடிஞ்சதும் காலைல ஒரு ரவுண்ட்ஸ், சாயங்காலம் ஒரு ரவுண்ட்ஸ், அவ்வளவு தான். மிச்ச நேரமெல்லாம் நீங்க இருக்கப்போறது நர்ஸ் கையில. அதுலயும் பிரச்சனை வர்றது முக்கால்வாசி ராத்திரில தான். அதனால ஆஸ்பத்திரி பாக்க காலைல 11 மணிக்கு போகாதீங்க, அப்ப எல்லா இடமும் பளிச்சுன்னு தான் இருக்கும், ரிசப்ஷன்ல பொண்ணு சிரிச்சுக்கிட்டே பிரவுச்சர் குடுக்கும். ராத்திரி 8 மணிக்கு மேல வீட்டுக்காரரையும் அம்மாவையும் கூட்டிட்டு போங்க, லேபர் ரூமை காட்டுங்கன்னு கேக்காம குழந்தை பெத்தவங்க இருக்குற வார்டை காட்டுங்கன்னு கேளுங்க. உள்ள விடலன்னாலும் பரவால்ல, வெளிய பெஞ்சுல உக்காந்திருக்குற ஒரு பாட்டிகிட்ட "எப்படிம்மா பாக்குறாங்க, பெல் அடிச்சா வர்றாங்களா"ன்னு கேட்டா போதும், பிரவுச்சர்ல இல்லாத கதையெல்லாம் வரும்.

அங்க ட்யூட்டில இருக்குற சிஸ்டர்கிட்டயே நேரா கேளுங்க, ராத்திரில எத்தனை தாய்க்கு எத்தனை நர்ஸ், அவங்க டிப்ளமோவோ பி.எஸ்சி நர்சிங்கோ படிச்சவங்களா இல்ல யூனிஃபார்ம் போட்ட ஹெல்பரான்னு. இத கேக்க உங்களுக்கு கூச்சமா இருக்கும், தெரியும், ஆனா சின்ன நர்சிங் ஹோம் நிறைய இடத்துல ராத்திரி இருக்குறது வேலை பாத்து பழகின பொண்ணுங்க தான், நல்ல பிள்ளைங்க, ஓடி ஓடி வேலை பாக்கும், ஆனா ரத்தம் அளவுக்கு மீறி போகுதுன்னு கண்டுபிடிக்க படிப்பும் பயிற்சியும் வேணும். ட்யூட்டி டாக்டர் பில்டிங்குள்ளயே தூங்குறாங்களா இல்ல போன் பண்ணி வரவைக்கணுமா, மயக்க டாக்டர் எவ்வளவு நேரத்துல வருவாங்க, இதையும் சேத்து கேட்டுக்கோங்க.

ஏன் ரத்தத்தை பத்தி இவ்வளவு சொல்றேன்னா, குழந்தை பிறந்த முதல் 24 மணி நேரத்துல தான் அதிக ரத்தப்போக்கு வர வாய்ப்பு ஜாஸ்தி. முறையா பாக்குற இடத்துல முதல் 2 மணி நேரம் 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை சிஸ்டர் வந்து பிபி, பல்ஸ் பாத்துட்டு, அடிவயித்துல கை வச்சு கர்ப்பப்பை பந்து மாதிரி கெட்டியா சுருங்கியிருக்கான்னு அமுக்கி பாத்துட்டு, பேடையும் பாத்துட்டு போவாங்க. வலிக்குது, தூங்க விடமாட்டேங்குறாங்கன்னு தாய்ங்க திட்டுவாங்க, நானும் நிறைய திட்டு வாங்கியிருக்கேன், ஆனா அப்படி வந்து தொந்தரவு பண்ற இடம் தான் நல்ல இடம். ரத்தம் அங்கயே ஸ்டாக் இருக்கா, இல்லன்னா எந்த பிளட் பேங்க்ல இருந்து வரும், எத்தனை நிமிஷம்? உங்களுக்கு நெகட்டிவ் குரூப், அவசரத்துல கிடைக்கிறது கஷ்டம், அதனால இந்த கேள்விக்கு மழுப்புற இடம்னா நான் அங்கயே எழுந்து வந்துடுவேன்.

நெகட்டிவ் குரூப்புக்கு இன்னொரு விஷயமும் இருக்கு. குழந்தை பிறந்ததும் தொப்புள் கொடி ரத்தத்துல குரூப் பாக்கணும், பாசிட்டிவா இருந்தா உங்களுக்கு 72 மணி நேரத்துக்குள்ள ஆன்டி-டி ஊசி போடணும். குழந்தையோட பாசிட்டிவ் ரத்தத்துக்கு எதிரா உங்க உடம்புல எதிர்ப்பு சக்தி உருவாகாம தடுக்குற ஊசி இது, அதனால இது உங்க அடுத்த குழந்தைக்காக. ஞாயித்துக்கிழமை ராத்திரி பிறந்தா லேப் இருக்குமா, ஊசி அவங்க ஃபிரிட்ஜ்ல இருக்குமா இல்ல உங்க வீட்டுக்காரரை திருநெல்வேலி முழுக்க மெடிக்கல் ஷாப் ஷாப்பா அலைய விடுவாங்களா? பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளயே குழந்தைக்கு மஞ்சள் தெரிஞ்சா அத சும்மா விடவே கூடாது, உடனே பிலிரூபின், அதாவது ரத்தத்துல மஞ்சள் அளவு பாத்து தேவைன்னா லைட்ல வைக்கணும். முதல் குழந்தைக்கு நெகட்டிவ் குரூப்பால அப்படி வர்றது அபூர்வம் தான், பயப்படாதீங்க, ஆனா அந்த லைட் மெஷின் அங்க இருக்கணும், தாய் பக்கத்துலயே வச்சு குடுப்பாங்களான்னும் கேக்கணும். வெயில்ல காட்டினா சரியாயிடும்னு எங்க அம்மா காலத்துல சொல்லுவாங்க, அத நம்பி உக்காந்திருக்காதீங்க.

இப்ப பால் விஷயம், அக்கா கதைக்கு வருவோம். பிறந்த உடனே குழந்தைய துடைச்சு அம்மா நெஞ்சுல போட்டு ஒரு மணி நேரத்துக்குள்ள பால் புடிக்க வைக்கணும், சிசேரியன்னாலும் தியேட்டர்லயே முடியும், மனசு இருந்தா. முதல் நாள் குழந்தை வயித்துக்கு ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் சீம்பால் போதும், அது சொட்டு சொட்டா தான் வரும், அத பாத்துட்டு பாலே இல்லன்னு முடிவு பண்ணிடுவாங்க வீட்டுல. உண்மையான சோதனை ரெண்டாவது ராத்திரி. முதல் நாள் அசந்து தூங்கின பிள்ளை அன்னைக்கு ராத்திரி தான் முழுச்சுக்கிட்டு அரை மணிக்கு ஒரு தடவை கத்தும், மார்லயே கிடக்கும், எடுத்தா அழும். அது பசிக்கொடுமை இல்ல, அப்படி சப்பி சப்பி தான் பால் ஊறும், ஆனா ராத்திரி 2 மணிக்கு அத யார் சொல்றது? அந்த நேரத்துல ஒரு சிஸ்டர் வந்து பக்கத்துல உக்காந்து, வாய் நல்லா திறந்து கருவட்டம் உள்ள போற மாதிரி புடிக்குதான்னு பாத்து, சிசேரியன் தையல் வலிக்காம ஒருக்களிச்சு படுக்க வச்சு குடுக்க சொல்லிக்குடுத்தா பவுடர் டப்பாவுக்கு வேலையே இல்ல. அப்படி யாரும் இல்லன்னா கூட இருக்குறவங்க பதறுவாங்க, பாட்டில் வந்துடும். உங்க அக்காவுக்கு நடந்தது இதுவா தான் இருக்கும்னு நினைக்கிறேன், அவங்க மேல தப்பே இல்லன்னு அவங்ககிட்ட சொல்லுங்க.

அதனால கேளுங்க, ரெண்டாவது ராத்திரி குழந்தை அழுதுகிட்டே இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு. "ஒண்ணும் பிரச்சனை இல்ல மேடம், ஃபார்முலா குடுத்துடுவோம்"னு டக்குனு பதில் வந்தா புரிஞ்சுக்கோங்க. மருத்துவ காரணத்துக்காக பவுடர் தேவைப்படுற குழந்தைங்க உண்டு, அத டாக்டர் காரணம் சொல்லி எழுதணும். ஆனா பால் பவுடர் கம்பெனி போஸ்டர், இலவச சாம்பிள் எதுவுமே ஆஸ்பத்திரில இருக்கக்கூடாது, 1992லயே சட்டம் போட்டாச்சு, 2003ல இன்னும் இறுக்கினாங்க. சுவத்துல அந்த கம்பெனி காலண்டர் தொங்குதான்னு ஒரு பார்வை பாருங்க. பிறந்த குழந்தைய தாய் பக்கத்துல வைக்காம தனியா நர்சரின்னு ஒரு ரூம்ல வரிசையா படுக்க வைக்கிற பழக்கம் இருந்தாலும் யோசிங்க, நல்லா இருக்குற குழந்தைக்கு அம்மா பக்கம் தான் இடம். உங்க ஊர்ப்பக்கம் சேனை வைக்கிற வழக்கம் இன்னும் இருக்கு, சர்க்கரைத் தண்ணிய தொட்டு வைக்க பெரியவங்க கிண்ணத்தோட வந்து நிப்பாங்க, அவங்களை கோபப்படுத்தாம தடுக்க தெரிஞ்ச சிஸ்டர் கிடைச்சா அது பெரிய பாக்கியம்.

உங்களுக்கு நார்மல் ஆகணும்னு தான் எனக்கும் ஆசை, ஆனாலும் சிசேரியன் ஆனா என்னன்னும் யோசிச்சு வச்சுக்கணும். 2019-21ல எடுத்த தேசிய குடும்பநல சர்வேல தமிழ்நாட்டு தனியார் ஆஸ்பத்திரில 100 பிரசவத்துல கிட்டத்தட்ட 64 சிசேரியன். அப்ப பாத்ரூம் வெஸ்டர்னா, புடிச்சுக்க கம்பி இருக்கா, சுடுதண்ணி வருதா, கூட இருக்குறவங்களுக்கு படுக்க இடம் இருக்கா, இதெல்லாம் சூட் ரூம் சோபாவை விட முக்கியம். வலிக்கு மருந்து கேட்டா தான் குடுப்பாங்களா இல்ல நேரத்துக்கு வருதா, எப்ப எழுப்பி நடக்க விடுவாங்கன்னும் கேளுங்க. போட்டோ ஷூட் உங்க இஷ்டம், நான் ஒண்ணும் சொல்லல.

பேக்கேஜ்னு சொல்றாங்கல்ல, அதுல குழந்தைங்க டாக்டர் ஃபீஸ், தடுப்பூசி, லைட் சிகிச்சை எல்லாம் இருக்கான்னு எழுதி வாங்குங்க, பாதி இடத்துல அதெல்லாம் தனி பில். பிசிஜி, போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள்ள ஹெபடைட்டிஸ் பி, வைட்டமின் கே ஊசி, இது நாலும் கிளம்புறதுக்கு முன்னாடி முடிஞ்சிருக்கணும். இதோட குதிகால்ல குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து தைராய்டு பாக்குறாங்களான்னு மறக்காம கேளுங்க, 48 மணி நேரத்துக்கு அப்புறம் எடுக்குற டெஸ்ட், பல இடத்துல கேட்டா தான் எடுப்பாங்க. பிறவிலயே தைராய்டு குறைவா இருந்தா வெளிய ஒண்ணும் தெரியாது, ஆனா முதல் ரெண்டு வாரத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சா மூளை வளர்ச்சி பாதிக்காம காப்பாத்திடலாம். காது கேக்குற டெஸ்ட்டும் எடுத்துடுங்க.

எப்ப வீட்டுக்கு அனுப்புவாங்க? சுகப்பிரசவம்னா குறைஞ்சது 24 மணி நேரமாவது ஆஸ்பத்திரில இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, தலைப்பிரசவம்னா நான் 48 மணி நேரம்னு சொல்லுவேன். கிளம்பும்போது மாத்திரை சீட்டை மட்டும் நீட்டினா வாங்கிட்டு வந்துடாதீங்க. குழந்தை எடை எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு கேளுங்க, முதல் சில நாள்ல கொஞ்சம் குறையும், 10 சதவீதத்துக்கு மேல போச்சுன்னா பால் புடிக்கிறத உக்காந்து பாக்கணும். அடுத்து எப்ப வரணும், ராத்திரி சந்தேகம்னா எந்த நம்பர், யார் எடுப்பாங்க? நிறைய இடத்துல தையல் பிரிக்க ஒரு நாள், அப்புறம் 45 நாள்னு சொல்லி விட்டுடுறாங்க, ஆனா பிபி உச்சத்துக்கு போறது பிரசவமான 3ல இருந்து 6 நாளுக்குள்ள தான், அப்ப நீங்க வீட்டுல இருப்பீங்க. 2, 3 நாள்ல ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை தாயையும் சேயையும் பாக்குற இடம்னா கண்ண மூடிட்டு போகலாம். தலைவலியோட கண் மங்குனா, ஒரு மணி நேரத்துல ஒரு பேடு முழுசா நனைஞ்சா, காய்ச்சல் அடிச்சா, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினா பத்தியம், லேகியம்னு பாத்துட்டு இருக்காம கிளம்பிடணும். காரணமே இல்லாம அழுகை அழுகையா வந்தா அதையும் சொல்லுங்க, அரசு மனநல ஹெல்ப்லைன் டெலிமானஸ் 14416க்கு கூப்பிட்டா தமிழ்லயே பேசலாம்.

இனி உங்க ரெண்டு ஆஸ்பத்திரி. டாக்டரம்மா மேல இருக்குற நம்பிக்கை பெரிய விஷயம், நான் அத குறைச்சு சொல்லல. ஆனா தலைப்பிரசவம், நெகட்டிவ் குரூப், சின்ன நர்சிங் ஹோம்ல ரத்தமும் குழந்தைங்க ஐசியூவும் இல்லன்னா ஒரு அவசரத்துக்கு திருநெல்வேலிக்கு ஒரு மணி நேரம் ஆம்புலன்ஸ்ல போகணும், குழந்தைய மட்டும் மாத்தினா நீங்க இங்க, பிள்ளை அங்க. அதனால டாக்டரம்மாகிட்டயே ஒளிவு மறைவில்லாம கேளுங்க, "உங்க பொண்ணா இருந்தா எங்க வச்சு பாப்பீங்க"ன்னு, நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டாங்க, பதில் சொல்லுவாங்க. பெரிய ஆஸ்பத்திரின்னதும் வார்டு நல்லா இருக்கும்னும் இல்ல, அங்கயும் ராத்திரி 8 மணி டெஸ்ட் வச்சுட்டு தான் முடிவு. ஒரேயடியா தனியார்னே நினைக்காதீங்க, பிபி, சுகர்னு ஏதாவது சிக்கல் சேந்துச்சுன்னா திருநெல்வேலி ஹைகிரவுண்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி மாதிரி இடத்துல 24 மணி நேரமும் டாக்டர், பிளட் பேங்க், பச்சிளங்குழந்தை யூனிட் எல்லாம் ஒரே காம்பவுண்டுல இருக்கு, கூட்டம் இருக்கும், தனிமை இருக்காது, ஆனா உயிருக்கு உத்தரவாதம்னு பாத்தா நான் என் மருமகளை அங்க தான் சேத்திருப்பேன். அரசு ஆஸ்பத்திரில சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள் வரைக்கும் சாப்பாடு, மருந்து, ரத்தம் எல்லாம் இலவசம், வீட்டுக்கு கொண்டுவந்து விடுறதுக்கு வண்டியும் உண்டு.

34 வாரத்துக்குள்ள முடிவு பண்ணி ஒரு தடவையாவது அங்க காட்டி ஃபைல் போட்டுடுங்க. அதுக்கு முன்னாடி, 28 வாரம் நெருங்கிடுச்சே, உங்க ரத்தத்துல அந்த எதிர்ப்பு சக்தி ஏற்கனவே இருக்கான்னு பாக்குற ஐசிடின்னு ஒரு ரத்த டெஸ்ட் பாத்துட்டு அது நெகட்டிவா இருந்தா இந்த சமயத்துலயே ஒரு ஆன்டி-டி போடணும். கோவில்பட்டி போய் பாத்துக்கலாம்னு தள்ளி வைக்காதீங்க, இந்த வாரமே தாம்பரத்துல நீங்க காட்டுற டாக்டர்கிட்ட கேளுங்க.