பந்து மிதக்கிறதா, ஆக்சிஜன் வருகிறதா? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழில்: வெளிநாட்டு மிஷன் ஆஸ்பத்திரி ஊழியம்

கேள்வி: என் மனைவி டாக்டர். வெளிநாட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு இரண்டு வருட ஊழியத்துக்குப் போகிறோம். நான் கணக்காளர். எனக்கு அங்கே என்ன வேலை இருக்கும்?

பதில்: உங்கள் மனைவிக்கு இருப்பதைவிடக் குறையாது. முதல் வாரமே மருந்து ஸ்டோர் சாவி உங்கள் கைக்கு வந்துவிடலாம். வந்ததும் அலமாரியைப் பார்ப்பதற்கு முன், ஒவ்வொரு மருந்தின் வரவு, செலவு, இருப்பைக் குறிக்கும் ஸ்டாக் கார்டைப் பாருங்கள். சரக்கு வந்து சேர மாதக்கணக்கில் ஆகும் இடத்தில் 'தீர்ந்தால் வாங்கிக்கொள்ளலாம்' என்ற பேச்சே கிடையாது. மாதம் 12,000 பாரசிட்டமால் மாத்திரை செலவாகிறது, சரக்கு வர 3 மாதம், அவசர இருப்பு 2 மாதத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மாதத்துக்கு 60,000. இருப்பு அந்த எண்ணைத் தொட்ட அன்றே ஆர்டர் போக வேண்டும்.

பலர் சறுக்குவது சராசரி எடுப்பதில். மூன்று மாதத்தில் 20 நாள் மருந்தே இல்லாமல் இருந்தால், அந்தச் செலவை 90-ஆல் வகுக்காதீர்கள். 70-ஆல் வகுத்து 30-ஆல் பெருக்குங்கள். இல்லையென்றால் தட்டுப்பாட்டுக் காலத்துச் செலவே வழக்கமான செலவாகப் பதிவாகி, அடுத்த ஆர்டரும் குறையும், தட்டுப்பாடும் தொடரும். அலமாரியில் முன்வரிசை, முதலில் வந்த பெட்டிக்கு அல்ல, முதலில் காலாவதியாகும் பெட்டிக்கு.

பணத்தில், குறிப்பிட்ட வேலைக்கென்று வரும் காணிக்கைக்குத் தனிப் பேரேடு வையுங்கள். ஆபரேஷன் தியேட்டர் கூரைக்கு வந்த பணத்தைச் சம்பள நெருக்கடியில் எடுத்து, 'அடுத்த மாதம் திருப்பி வைத்துவிடலாம்' என்பார்கள். மிஷன் கணக்குகள் சிக்கலாவது பெரும்பாலும் இப்படித்தான். திருட்டெல்லாம் அதற்குப் பிறகு. பில் போடுகிறவர் வேறு, பணம் வாங்குகிறவர் வேறு, மாலையில் எண்ணுவது இரண்டு பேர். 'ஊழியக்காரர்களையே சந்தேகப்படுகிறீர்களா?' என்று யாராவது கேட்டால், பழி வராமல் அவர்களைக் காப்பதற்குத்தான் என்று சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் சபையார் ஒரு கண்டெய்னர் நிறைய மருந்தும் கருவிகளும் அனுப்பப் பாரம் கொண்டிருக்கிறார்கள். எதைச் சேர்க்கலாம்?

பதில்: முதலில் ஆஸ்பத்திரியிடமிருந்து பட்டியல் வாங்குங்கள். பட்டியலில் இல்லாத எதையும் ஏற்றாதீர்கள். மருந்து நன்கொடைக்கு உலக சுகாதார அமைப்பு வகுத்த வழிகாட்டுதலின்படி, போய்ச் சேரும் நாளில் பொதுவாகக் குறைந்தது ஓராண்டு ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும். அங்குள்ளோர் படிக்கக்கூடிய மொழியில், மருந்தின் பொதுப்பெயர் லேபிளில் இருக்க வேண்டும். வீடுகளில் மிஞ்சிய மாத்திரைகளும் டாக்டர்களுக்குக் கிடைத்த சாம்பிள்களும் கூடாது. அவற்றைப் பிரித்து அழிக்கும் செலவு ஆஸ்பத்திரியின் தலையில்தான் விழும்.

மின்கருவி என்றால் வோல்ட்டோடு ஹெர்ட்ஸையும் (மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை திசை மாறிச் சுழல்கிறது என்ற அளவு) பாருங்கள். 110 வோல்ட் கருவியை 230 வோல்ட் நாட்டில் ஓட்ட டிரான்ஸ்ஃபார்மர் போதும் என்று நினைப்பார்கள். அது வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் 50-இல் மெதுவாகச் சுற்றும், சூடாகும், சில மாதங்களில் கருகிப்போகும்.

அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் அனுப்பினால் கொஞ்சம் கவனம். அறைக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். கருவிக்குள் உள்ள சியோலைட் என்ற கனிம மணிகள் நைட்ரஜனைப் பிடித்துவைப்பதால் வெளியே வருவது 90 சதவீதத்துக்கு மேல். ஈரம் ஏறினால் மணிகள் அந்தச் சக்தியை இழந்துவிடும். அப்போதும் மோட்டார் உறுமும், ஃப்ளோமீட்டரில் பந்து 5 லிட்டரில் மிதக்கும், மூக்குக் குழாயில் காற்றும் வரும். ஆனால் வருவது கிட்டத்தட்ட அறைக் காற்றாகவே இருக்கலாம். பந்து காட்டுவது ஓட்டத்தை மட்டும்தான். அதனால் கருவியோடு ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று அளக்கும் ஓர் ஆக்சிஜன் அனலைசரும் அனுப்புங்கள். 82 சதவீதத்துக்குக் கீழே போனால் கருவி பழுதுபார்க்கப் போக வேண்டும். வெளி ஃபில்டரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். அவசரத்தில் ஈரத்தோடு மாட்டுவது, கெடுப்பதற்கென்றே செய்வது போல. மாற்று ஃபில்டர்கள், ஃபியூஸ்கள், பழுதுபார்க்கும் கையேடு ஆகியவற்றையும் அதே பெட்டியில் வையுங்கள். கரண்ட் போன நொடியே கருவி நின்றுவிடும். பக்கத்தில் நிறைந்த சிலிண்டர் ஒன்று எப்போதும் வேண்டும்.

கேள்வி: நான் செவிலியர். 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அங்கே இருப்பது அடுப்பில் ஏற்றி, ஆவியில் கிருமி நீக்கும் பழைய ஆட்டோகிளேவ். 15 பவுண்டு அழுத்தம், 30 நிமிடம் போதுமா, சிஸ்டர்?

பதில்: கடல் மட்டத்தில் போதும், அங்கே 15 பவுண்டு என்றால் 121 டிகிரி. நீங்கள் போகும் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால், அழுத்தமானியில் அதே 15 நின்றாலும் உள்ளே சுமார் 118 டிகிரிதான். ஆயிரம் அடிக்கு அரைப் பவுண்டு கூட்டுங்கள். உங்களுக்கு 17½ வரும். பாத்திரம் அதைத் தாங்கும் என்று கையேடு சொன்னால் மட்டுமே கூட்டலாம். சேஃப்டி வால்வில் பாரம் ஏற்றும் வேலை வேண்டவே வேண்டாம்; தாங்காது என்றால் நேரத்தைக் கூட்டுவதுதான் வழி.

ஆவி கோடாகத் தொடர்ந்து வரும்வரை, காற்றை வெளியேற்றும் வால்வைத் திறந்தே வையுங்கள். உள்ளே காற்று தங்கினால் மானி சரியாகக் காட்டும், சூடு ஏறியிருக்காது. துணிக்கட்டு வைக்கும் டிரம்மின் துளைகள், டிரம் உள்ளே போகும்போது திறந்திருக்க வேண்டும். வெளியே எடுத்ததும் மூட வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம். மேலே ஒட்டிய டேப் நிறம் மாறுவது வெளிச்சூட்டுக்கு மட்டுமே சாட்சி; ஆவி பட்டால் நிறம் மாறும் இண்டிகேட்டர் பட்டையைத் துணிக்கட்டின் நடுவில் வையுங்கள். கட்டு ஈரமாக வெளியே வந்தால் மறுபடியும் போட வேண்டியதுதான். ஈரத்துணி வழியே கிருமி ஏறிவிடும்.

கேள்வி: டாக்டர்கள் சுற்றுலா விசாவில் போய் ஒரு மாதம் சிகிச்சை கொடுக்கலாமா?

பதில்: கூடாது. அந்த நாட்டு மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவாவது வேண்டும். நம் ஊர் மருத்துவக் கவுன்சில் தரும் நன்னடத்தைச் சான்றிதழைப் பல கவுன்சில்கள் சில மாதங்களுக்கு மட்டுமே ஏற்கும்; அதைக் கடைசியாக வாங்குங்கள்.

கேள்வி: மொழிபெயர்ப்பாளர் இருக்கும்போது அந்த ஊர் மொழியை நாமும் படிக்க வேண்டுமா?

பதில்: 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழ் கற்று, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். அந்த அளவு முடியாவிட்டாலும், 'எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, மூச்சை இழுத்து விடுங்கள், சாப்பிட்டீர்களா' என்று ஒரு ஐம்பது வாக்கியங்களைப் புறப்படும் முன்பே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மொழிபெயர்ப்பவர் நோயாளியின் உறவினர் என்றால், கர்ப்பம், மது, அடி உதை பற்றிய பதில்கள் பாதியிலேயே வடிகட்டப்பட்டுவிடும். அந்தக் கேள்விகளுக்கு உறவினரை வெளியே அனுப்பிவிட்டு, ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவரைக் கூப்பிடுங்கள்.