பெட்டியில் 1200 மடங்கு, கண்ணில் புகைமூட்டம்

தவணை தொடங்கியதும் வழக்கமாகப் பாடசாலைப் பையும் சப்பாத்தும் பற்றிய முறைப்பாடுகளே வரும். இம்முறை வந்தவற்றுள் பல நுணுக்குக்காட்டியைப் பற்றியவை. கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: மகன் தரம் 9இல் படிக்கிறான். புறக்கோட்டையில் 1200 மடங்கு என்று பெட்டியில் அச்சிட்ட நுணுக்குக்காட்டி ஒன்றை 7,500 ரூபாவுக்கு வாங்கினோம். வெங்காய உரியில் கலங்கள் தெரியும் என்று ஆசிரியை கூறியிருந்தார். எங்களுக்குத் தெரிவது வானவில் விளிம்பு கட்டிய புகைதான். பிழை எங்களுடையதா, கருவியினுடையதா? – வெள்ளவத்தை

பதில்: கருவியினுடையது, அதைவிட அந்தப் பெட்டியினுடையது. இந்த 1200 என்ற எண்ணின் மீது எனக்குப் பழைய கோபம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் என் மருமகளின் பிறந்தநாளுக்கு இதே வகைப் பிளாத்திக்குக் கருவியை, அதே எண்ணைப் பார்த்து, விலையும் பேசாமல் வாங்கிக் கொடுத்தவன் நான். அவள் இரண்டு நாள் முயன்றுவிட்டு, "மாமா, இதற்குள் மழை பெய்கிறது" என்றாள்.

உருப்பெருக்கம் என்பது வெறும் பெருக்கல் கணக்கு. கண்ணை வைக்கும் பார்வைத்துண்டில் 10 என்றும், பார்க்கும் பொருளுக்கு அருகே இருக்கும் பொருள்வில்லையில் 40 என்றும் இருந்தால் மொத்தம் 400 மடங்கு. மலிவான வில்லைகளை அடுக்கி இந்த எண்ணை எவ்வளவுக்கும் ஏற்றிவிடலாம். ஆனால் அருகருகே உள்ள இரண்டு புள்ளிகளை இரண்டாகவே பிரித்துக் காட்டும் ஆற்றல், அதாவது பிரிவலு, அப்படி ஏறுவதில்லை. ஒளியின் அலைநீளமும், பொருள்வில்லை எவ்வளவு அகலமான ஒளிக்கூம்பை உள்வாங்குகிறது என்பதும் அதற்கு எல்லை வகுக்கின்றன. இதைச் செருமானிய இயற்பியலாளர் ஏர்ண்சுட்டு அபே 1873இலேயே விளக்கிவிட்டார். மிகச் சிறந்த சாதாரண ஒளி நுணுக்குக்காட்டியும் ஏறத்தாழ 0.2 மைக்கிரோமீற்றருக்குக் கீழே பிரித்துக் காட்டாது. அந்த எல்லையைத் தாண்டியும் பெருக்குவது, மங்கிய புகைப்படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்குவது போன்றது: மங்கல்தான் பெரிதாகும்.

ஆகவே பெட்டியைப் பார்க்காமல் பொருள்வில்லையின் உடலில் பொறித்திருப்பதைப் பாருங்கள். ஒழுங்கான மாணவர் கருவியில் 40/0.65 என்றும், அதன் கீழே பெரும்பாலும் 160/0.17 என்றும் இருக்கும். 0.65 என்பதே நான் சொன்ன அகலத்தின் அளவு. அதை ஆயிரத்தால் பெருக்கினால் வருகிற 650 மடங்குதான் அந்த வில்லையால் பயன்தரும் உச்சம். 160 என்பது குழாயின் நீளம் மில்லிமீற்றரில், 0.17 என்பது பார்க்கும் பொருளின் மேல் வைக்கும் மெல்லிய கண்ணாடியான மூடித்துண்டு இருக்க வேண்டிய தடிப்பு, அதுவும் மில்லிமீற்றரில். இப்படி ஓர் எழுத்தும் இல்லாத பிளாத்திக்கு வில்லையோடு 1200 என்று விற்பவர், பொய்யை மடங்கு கணக்கில் விற்கிறார். வெங்காய உரிக் கலத்தின் சுவரையும் கருவையும் பார்க்க, ஒரு துளி அயடீன் கரைசலும் நல்ல 100 மடங்கும் போதும். 400 இருந்தால் தாராளம்.

கேள்வி: வாங்கிய கருவியில் எழுத்துகள் தலைகீழாகத் தெரிகின்றன. பொருளை வைக்கும் கண்ணாடித் தகட்டை, அதாவது வழுக்கியை, இடப்பக்கம் தள்ளினால் உருவம் வலப்பக்கம் போகிறது. கடைக்காரர் மாற்றித்தர மறுக்கிறார். எங்கே முறையிடலாம்? – தெகிவளை

பதில்: எங்கும் வேண்டாம். கூட்டு நுணுக்குக்காட்டி அப்படித்தான் காட்டும். கடைக்காரரிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மகளுக்காக, முகநூலில் கண்ட பழைய நுணுக்குக்காட்டியை 38,000 ரூபாவுக்கு வாங்கினேன். கொண்டுவந்தவரிடம் பணத்தைக் கொடுத்த பின்னர்தான் பெட்டியைத் திறக்க விட்டார்கள். 40 மடங்கு வில்லைக்குள் சிலந்திவலை போல ஏதோ படர்ந்திருக்கிறது. விற்றவர் என் இலக்கத்தை மறித்துவிட்டார். தையல் வேலையில் சேர்த்த பணம். – கொட்டாஞ்சேனை

பதில்: அம்மா, இதில் உங்கள் மீது ஒரு குறையும் இல்லை, திறந்து பார்க்க விடாமல் பணம் வாங்குவதே ஏமாற்றும் நோக்கத்தின் அடையாளம். அந்த வலை பங்கசு, அதாவது பூஞ்சணம். கொழும்பின் ஈரக்காற்றில் மூடிய அலுமாரிக்குள் கிடக்கும் வில்லைகளில் அது வளரும். நானும் ஒருமுறை அப்படிப்பட்ட ஒன்றை, வெளியே பித்தளை பளபளத்ததால் மயங்கி வாங்கி, இன்றும் மேசையில் அலங்காரமாக வைத்திருக்கிறேன்.

விளம்பரத்தையும், உரையாடலையும், பணம் கொடுத்த சீட்டையும், பொதியின் மேலுள்ள முகவரியையும் இன்றே படமெடுத்து வையுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்து மூலம் முறையிடலாம். வாங்கி மூன்று மாதங்களுக்குள் முறையிட வேண்டும் என்பதால் தாமதிக்க வேண்டாம். வழிகாட்டல் பெற 1977 என்ற இலக்கத்தை அழையுங்கள். இதற்கிடையில் கருவியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். 4, 10 மடங்கு வில்லைகள் தெளிவாக இருந்தால், அதே திருகுப் புரியும் அதே குழாய் நீளமும் கொண்ட 40 மடங்கு வில்லை ஒன்றை மட்டும் தனியே வாங்கிப் பொருத்த முடியும். வாங்குமுன் வெள்ளைக் கடதாசியை நோக்கி வில்லையைப் பிடித்து, ஊடாகப் பாருங்கள்.

கேள்வி: 100 மடங்கு வில்லைக்கு எண்ணெய் விட வேண்டும் என்றார்கள். தேங்காயெண்ணெய் விட்டோம். இப்போது 40 மடங்கு வில்லையும் மங்கிவிட்டது. உத்தரவாதத்தில் திருத்தித் தருவார்களா? – வத்தளை

பதில்: தரமாட்டார்கள், நானாக இருந்தாலும் தரமாட்டேன். அந்த எண்ணெயின் வேலை, ஒளி கண்ணாடியிலிருந்து காற்றுக்குள் முறிந்து சிதறாமல் பார்த்துக்கொள்வது. கண்ணாடிக்கு நெருங்கிய 1.515 முறிவுச் சுட்டியுடன், அதாவது ஒளியைக் கண்ணாடி அளவுக்கே வளைக்கும்படி, அது தயாரிக்கப்படுகிறது. தேங்காயெண்ணெய் தலைக்கும் தாளிதத்துக்கும். எண்ணெய் விட்ட வழுக்கியின் மேலே 40 மடங்கு வில்லையைத் திருப்பக் கூடாது என்பதும் கருவியோடு வந்த தாளில் இருந்திருக்கும். அந்தத் தாள் எங்கே? வில்லை துடைக்கும் மெல்லிய தாளால் ஒற்றி எடுத்துப் பாருங்கள். சேலைத் தலைப்பால் தேய்க்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் பாடசாலைக்குப் பழைய மாணவர்கள் நுணுக்குக்காட்டி வாங்கித் தர முன்வந்துள்ளார்கள். வெளிச்சத்தைத் திருப்பிவிடும் முகக்கண்ணாடி பொருத்தியதா, மின்குமிழ் உள்ளதா நல்லது? – விஞ்ஞான ஆசிரியை, மருதானை

பதில்: மின்குமிழ் உள்ளது வகுப்புக்கு வசதி, ஆனாலும் 2022இன் மின்வெட்டு நாள்களை நினைத்தால், கண்ணாடியையும் மாட்டக்கூடியதை வாங்குவேன். கண்ணாடியை வானத்தின் வெளிச்சத்துக்குத் திருப்ப வேண்டும்; சூரியனை நோக்கி ஒருபோதும் திருப்பக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், கண் போய்விடும்.

அடுத்து, எத்தனை மடங்கு என்பதை விட வழுக்கியை வைக்கும் மேடை தானாகக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். வெங்காய உரி ஒன்றைக் கடைக்கே கொண்டுபோங்கள். 4 மடங்கில் தெளிவாக்கி, 40க்குத் திருப்பி, சிறிய திருகை மட்டும் அசைத்தால் உருவம் வர வேண்டும். வராவிட்டாலோ, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கினாலோ வேண்டாம். கேட்டுப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

மாணவர்களுக்கோ, குறைந்த மடங்கில் தொடங்கவும், பக்கவாட்டில் நின்று பார்த்தபடி வில்லையை வழுக்கிக்கு அருகே கொண்டுவரவும், பிறகு கண்ணை வைத்து விலக்கியபடியே தெளிவாக்கவும் பழக்குங்கள். எதிர்ப்பக்கமாகத் திருகுவதால்தான் மூடித்துண்டுகள் நொறுங்குகின்றன. அவற்றை நன்கொடையாளரிடம் இரண்டு பெட்டி கூடுதலாகக் கேளுங்கள். பங்கசு வராமல் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதிகளையும் அதே பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.