'பார்க்கலாம்' என்றார் எம்.எல்.ஏ.!

கேள்வி: எங்கள் ஊரில் இன்னும் பாதாளச் சாக்கடைக்குள் ஆளை இறக்குகிறார்கள். மாணவர்கள் ஐந்து பேர் போய் எம்.எல்.ஏ.விடம் மனு கொடுத்தோம். 'பார்க்கலாம்' என்றார், அதோடு சரி. வேறு என்ன செய்யலாம்?
– கல்லூரி மாணவி, விழுப்புரம்

பதில்: 'உரிய நடவடிக்கை எடுக்க வேண்டுகிறோம்' என்று முடித்திருப்பீர்கள். அப்படிப்பட்ட மனுவுக்கு 'பார்க்கலாம்'தான் பதில். அவரால் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தைக் கேளுங்கள்.

மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் தலைமையில் ஒரு கண்காணிப்புக் குழு உண்டு. அது 3 மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். மாவட்டத்தின் பட்டியல் சாதி எம்.எல்.ஏ.க்கள் அதில் உறுப்பினர்கள். கடந்த 2 ஆண்டுகளில் குழு கூடிய தேதிகள், கூட்டக் குறிப்புகளின் நகல் வேண்டும் என்று கலெக்டர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. 'ஏன் கூடவில்லை?' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். காரணம் கேட்டால் 'இது தகவல் அல்ல' என்று திருப்பிவிடுவார்கள். ஆவணமாகக் கேளுங்கள்.

பதில் வந்ததும் மறுபடி எம்.எல்.ஏ.விடம் போங்கள், சட்டசபை நடக்காத நாளில். பி.ஏ.விடம் முன்பே நேரம் வாங்குங்கள். மனு ஒரே பக்கம். அந்தத் தொகுதி வாக்காளர்களே கையெழுத்திடட்டும். 'குழுவைக் கூட்டச் சொல்லி கலெக்டருக்குக் கடிதம் எழுதுங்கள், நகல் எங்களுக்கும் கொடுங்கள்' என்பது மட்டுமே கோரிக்கை.

கேள்வி: எம்.பி.யிடம் போனால் பயன் உண்டா?

பதில்: உண்டு, கேள்வியை நீங்களே எழுதிக்கொண்டு போனால். மக்களவைக் கேள்வி 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். 15 நாள் முன்னறிவிப்பு தேவை. எழுத்துப்பூர்வ பதில் கேட்பதே நல்லது: அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல ஒரு நாளுக்கு 20 கேள்விதான் பட்டியலில் ஏறும், எழுத்துக்கு 230. உங்கள் நகராட்சியில் நடந்ததைக் கேட்டால் மாநில விவகாரம் என்று தள்ளிவிடுவார்கள். சாக்கடை மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன்படி எத்தனை குடும்பங்களுக்குப் பணம் போனது, மாநில வாரியாகச் சொல்லுங்கள் என்று சமூக நீதி அமைச்சகத்தைக் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் எம்.பி. மத்திய அமைச்சராக இருந்தால் அவரால் கேள்வி போட முடியாது. அப்போது தமிழகத்தின் 18 மாநிலங்களவை உறுப்பினர்களில் ஒருவரைப் பிடியுங்கள்.